இரண்டு கோடுகளுக்கு நடுவே இருபது வளைவுகள்

பிரசவ அறையில் தாயின் கட்டிலருகே கட்டம் போட்ட தாள் ஒன்று இருக்கும். பார்ட்டோகிராஃப் என்பார்கள். வலி எடுத்து வந்த பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, குழந்தையின் இதயத் துடிப்பு எவ்வளவு, பனிக்குட நீர் என்ன நிறம், பத்து நிமிடத்தில் எத்தனை முறை வலி வருகிறது என்று நர்ஸ் அதில் குறித்துக்கொண்டே வருவார். தாளின் நடுவே சாய்வாக இரண்டு கோடுகள் ஓடும். முதலாவது எச்சரிக்கைக் கோடு. அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வலப்பக்கம் இருப்பது செயல் கோடு. நர்ஸ் வைக்கும் புள்ளி முதல் கோட்டைத் தாண்டினால் உஷாராக வேண்டும். இரண்டாவதைத் தொட்டுவிட்டால் இனி காத்திருக்கக் கூடாது.

ஏன் நான்கு மணி நேரம்? இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாள் தோன்றவே இல்லை. விடை தெரிந்தபோது ஏற்காட்டு மலைப்பாதைதான் கண்ணில் வந்து நின்றது. 1972ல் அன்றைய ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், ஃபில்பாட், காசில் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தக் கோடுகளைப் போட்டார்கள். அங்கே மருத்துவர்கள் மிகக் குறைவு. சுற்றுவட்டாரச் சிறு மருத்துவமனைகளில் பிரசவம் பார்த்தவர்கள் பேறுகாலச் செவிலியர்கள். பிரசவம் மெதுவாகிறது என்று அந்தச் செவிலியர் கண்டுகொண்டு, வண்டி பிடித்து, அறுவை சிகிச்சை செய்யக்கூடிய பெரிய மருத்துவமனைக்குத் தாயைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆகும் நேரத்தை அந்த இடைவெளிக்குள் வைத்தார்கள். தாளில் அது வெற்றிடமாகத் தெரியும். உண்மையில் அது ரோடு.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரத்தைத் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல உடம்போடு பஸ் ஏறுகிறவர்களுக்கே பாதி வழியில் தலை சுற்றும். இடுப்பு வலியோடு ஒரு பெண் அந்த வளைவுகளில் இறங்கி வர வேண்டும். அதுவும் ஏற்காடு ஊருக்குள்ளிருந்து கிளம்பினால்தான் இந்தக் கணக்கு. நாகலூர், கொட்டச்சேடு, மாரமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களில் இருந்தால், முதலில் ஏற்காட்டுக்கோ குப்பனூர் சாலைக்கோ வந்து சேர வேண்டும். தார்ச்சாலை வரை காபித் தோட்டத்துக்குள் நடந்தே வர வேண்டிய வீடுகளும் உண்டு. சிக்கலான அறுவை சிகிச்சை, ரத்த வங்கி, பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை என்று பெரிய ஏற்பாடுகள் எல்லாம் கீழே, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்.

ஆகவே மலையில் பிரசவத்தின் முதல் முடிவு, பெரும்பாலும் அதை நிர்ணயிக்கும் முடிவு, ஒரு நர்சின் கையில் இருக்கிறது. என் பெரியம்மா சேர்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "நர்சம்மா" தான். அவர் பேச்சைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, செவிலியர்கள் கொண்டுவந்த புதுமை என்று யாராவது சொன்னால் எனக்குப் புதுக் கருவி எதுவும் நினைவுக்கு வருவதில்லை. தாய் சேய் நலத்தில் அது பெரும்பாலும் ஒரு அனுமதியின் கதை. கூடவே இருந்து பார்ப்பவர் கண்டதை அறிவு என்று ஏற்று, "யாரையும் எதிர்பார்க்காதே, நீயே செய்" என்று சொன்ன இடங்களில் உயிர்கள் பிழைத்தன. அப்படிச் சொல்லத் தயங்கிய இடங்களில் பல ஆண்டுகள் போயின.

கூடவே இருந்து பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் இங்கிலாந்தில் நடந்தது. 1956ன் கோடைக்காலம், எசெக்ஸ் பகுதியில் ராக்ஃபோர்டு பொது மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் சிஸ்டர் வார்டு. இன்குபேட்டரின் புழுக்கத்தைவிட வெளிக்காற்றும் வெயிலும் குழந்தைக்கு நல்லது என்பது அவருடைய நம்பிக்கை. வெயில் அடிக்கும் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்கு எடுத்துப் போவார், பெரிய மருத்துவர் சுற்றி வருவதற்குள் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்துவிடுவார். ஒரு நாள் அப்படிச் சுற்றி வந்த மருத்துவர்களிடம் ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பு முழுக்க வெளுத்திருக்க, முக்கோணமாக ஓர் இடம் மட்டும் நல்ல மஞ்சளாக இருந்தது. அயோடின் ஏதாவது தடவினீர்களா என்று கேட்டார்கள். இல்லை, வெயில்தான் காரணமாக இருக்கும் என்றார் அவர். வெயில் பட்டு ஓர் இடம் மட்டும் மஞ்சளாகுமா என்று அவர்களுக்குக் குழப்பம். அப்புறம்தான் விளக்கினார்: குழந்தைக்கு ஏற்கெனவே காமாலை, உடம்பே மஞ்சள். வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்துவிட்டது. விரிப்பின் மூலை மூடியிருந்த இடம் மட்டும் அப்படியே மஞ்சளாக நின்றுவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து அதே மருத்துவமனையில் காமாலைக் குழந்தை ஒன்றின் ரத்தம் இருந்த சோதனைக் குழாய் தற்செயலாக ஜன்னலோரம் வெயிலில் இருந்துவிட்டது. சோதித்துப் பார்த்தால், உடம்பை மஞ்சளாக்கும் பிலிருபினின் அளவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்து யோசித்த பிறகு ஒளி சிகிச்சை பிறந்தது. 1958ல் கிரெமர், பெர்ரிமன், ரிச்சர்ட்ஸ் என்ற மூவர் அதை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இன்று சேலத்தில் எந்தப் பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போனாலும் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்க வைத்திருக்கும் பிஞ்சுகளைப் பார்க்கலாம். அந்த விளக்கின் தொடக்கம் ஒரு நர்சின் கண். கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் அவர் பெயர் இல்லை. எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

நம் ஊர்ப் பாட்டிமார்களும் பச்சைக் குழந்தையைக் காலை இளவெயிலில் காட்டியவர்கள்தான். அவர்கள் கண்டதில் உண்மை இருந்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு வெயில் போதும் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. பிலிருபின் மிகவும் ஏறினால் மூளையைப் பாதிக்கும். பிறந்து ஒரு நாளுக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கிவிட்டாலோ உடனே மருத்துவமனைதான்.

சரி, மலைக்கு வருவோம். மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டுக் குளிர் சுற்றுலா வருகிறவர்களுக்குச் சுகமாக இருக்கும். அப்போது பிறக்கும் குழந்தைக்கு அதுதான் முதல் எதிரி. தாயின் வயிற்றிலிருந்து நனைந்த உடம்போடு வரும் குழந்தை நிமிடத்துக்கு நிமிடம் சூட்டை இழக்கும். உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் குளிர்வாதை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சூடு குறைந்தால் குழந்தை பால் உறிஞ்சாது, பால் இறங்காவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை குறையும், சர்க்கரை குறைந்தால் இன்னும் சூடு குறையும். எடை குறைந்த குழந்தை இந்தச் சுழலில் சில மணி நேரம்கூடத் தாங்காது.

தெர்மாமீட்டர் கையில் இல்லாவிட்டாலும் இதைக் கண்டுபிடிக்கச் செவிலியர்களுக்கு ஒரு வழி கற்றுத்தருகிறார்கள். புறங்கையால் குழந்தையின் வயிற்றைத் தொட வேண்டும், பிறகு பாதத்தை. இரண்டும் கதகதப்பு என்றால் குழந்தை நன்றாக இருக்கிறது. வயிறு கதகதப்பு, பாதம் சில்லென்று இருந்தால் குழந்தை குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சில்லென்றால் ஆபத்து. பெரியம்மா எந்த வீட்டுக்குப் பச்சைக் குழந்தை பார்க்கப் போனாலும் முதலில் பாதத்தைத்தான் தொடுவார். பிறந்த அன்றே குளிப்பாட்டும் வழக்கத்தை நிறுத்தப் பாட்டிகளோடு அவர் நடத்திய வாதங்களை எழுதினால் தனிக் கட்டுரையாகும். குறைந்தது 24 மணி நேரம் குளிப்பாட்டக் கூடாது என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல்.

குளிருக்கு மிகச் சிறந்த மருந்து தாயின் மார்பு. 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர்கள் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைக்க, தொற்று பரவிக் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கச் சொன்னார். இதுதான் கங்காரு பராமரிப்பு. யோசனை மருத்துவருடையது என்றாலும் அதை நடைமுறையாக்குவது நர்சுகள். சிசேரியன் தையல் வலிக்கும் தாயை எப்படிச் சாய்த்து உட்கார வைப்பது, குழந்தையின் கழுத்து மடியாமல் துணியை எங்கே இறுக்குவது, குழாய் வழியாகப் பால் போகும்போதும் மார்பை விட்டு எடுக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் கட்டில் பக்கத்தில் மணிக்கணக்காக நின்றால்தான் பழகும். பயந்து நடுங்கும் முதல் பிரசவக்காரிக்கு "உன் சூடுதான்மா மருந்து" என்று சொல்லிக் கையைப் பிடித்து வைக்க ஒருவர் வேண்டும்.

இதில் 2021ல் வந்த ஓர் ஆய்வு பழைய வழக்கத்தை மாற்றிவிட்டது. அதுவரை குழந்தை முதலில் சூடு தரும் வார்மரில் இருந்து நிலைப்பட வேண்டும், பிறகுதான் கங்காரு பராமரிப்பு என்று வைத்திருந்தார்கள். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைத்துப் பார்த்தார்கள். 28 நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் பழைய முறையில் 15.7 சதவீதம், புதிய முறையில் 12 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இந்தியாவில் அது நடந்த இடம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை.

இந்த முறைக்குத் தேவைப்பட்ட மாற்றம் என்ன தெரியுமா? குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் ஒரு கட்டில் போட்டார்கள். அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் பிரசவித்த தாயைக் கவனிப்பது ஒரு துறை, குழந்தையைக் கவனிப்பது இன்னொரு துறை என்று பிரித்து வைத்திருந்த சுவரை இடிக்க வேண்டியிருந்தது. குழந்தைகள் பிரிவு நர்சுகள் தாயின் ரத்த அழுத்தத்தையும் உதிரப்போக்கையும் பார்க்கப் பழக வேண்டியிருந்தது. தாயையும் சேயையும் ஒன்றாகவே பார்க்கும் பழக்கம் கிராம செவிலியருக்கு எப்போதும் உண்டு. பெரிய மருத்துவமனைகள் அங்கே வந்து சேர இவ்வளவு காலம் ஆயிற்று.

குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைப் பற்றி ஒரு வார்த்தை. கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் பேரப்பிள்ளைக்கு வெள்ளிப் பாலாடை வாங்குவது பெருமை. உறிஞ்சத் தெரியாத குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி அதே பாலாடையில் கொடுப்பதுதான் நாடு முழுக்கக் குழந்தைகள் பிரிவுகளில் இன்று நடக்கிறது. ஃபீடிங் பாட்டிலைவிடச் சுத்தமாக வைப்பது எளிது, குழந்தையும் களைக்காது. ஒரு வீட்டுச் சாமான் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனதும் பால் ஊட்டும் கைகள் வழியாகத்தான்.

இனி தாயின் பக்கம். பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்காமல் தளர்ந்துவிட்டால் ரத்தம் கொட்டும். இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போய்விடலாம். எவ்வளவு ரத்தம் போயிற்று என்பதைக் கண்ணால் பார்த்துக் கணக்கிட்டால் எப்போதும் குறைவாகவே தோன்றும். துணியிலும் பஞ்சிலும் ஊறியது கணக்கில் வராது. "கொஞ்சம்தான் போகுது" என்று நினைத்த நேரத்தில் அரை லிட்டர் தாண்டியிருக்கும்.

கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு இரண்டு எளிய விஷயங்களை முன்வைத்தது. ஒன்று, தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. அதன் நுனி புனல் போலக் குவிந்து பையாகும், பையில் அளவுக் கோடுகள் இருக்கும். இன்னொன்று, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை. ஆக்சிடோசின் ஊசிதான் முதல் தேர்வு, ஆனால் அதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மாத்திரைக்கு அது வேண்டாம். மாத்திரையைக் கொடுத்ததும் விரிப்பில் ரத்தத்தை அளந்ததும் வீட்டிலும் துணை சுகாதார நிலையத்திலும் பிரசவம் பார்த்த துணைச் செவிலியர்கள், அதாவது நம் ஊர்க் கிராம சுகாதார செவிலியர் போன்றவர்கள். 2006ல் லான்செட்டில் முடிவு வந்தது: 1,620 தாய்மார்களில், மாத்திரை பெற்றவர்களில் அளவு மீறிய உதிரப்போக்கு 6.4 சதவீதம், பெறாதவர்களில் 12 சதவீதம். மருத்துவர் இல்லாத இடத்தில், நர்ஸ் கையால், உதிரப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இதேபோல ரத்தத்தை அளக்கும் விரிப்பு 2023ல் ஆப்பிரிக்காவில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள். விரிப்பில் ரத்தம் குறிப்பிட்ட கோட்டைத் தொட்டதும் கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுதல், சுருக்கும் மருந்து, ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலம், சிரை வழித் திரவம், காரணம் தேடிப் பரிசோதனை ஆகிய எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து செய்யாமல் ஒரே மூச்சில் தொடங்க வேண்டும். கடும் உதிரப்போக்கு, அதற்கான அறுவை சிகிச்சை, அதனால் நேரும் மரணம் எல்லாம் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. அங்கே இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பேறுகாலச் செவிலியர்கள். "டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுறேன்" என்று போன நிமிடங்கள்தான் மிச்சப்பட்டவை.

ஜன்னியும் அப்படித்தான். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்பேட் ஊசி உயிர் காக்கும். இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆக 10 கிராம் என்பது முதல் டோஸ். மலை உச்சியில் இந்த முதல் டோசைப் போட்டுவிட்டு 108ல் ஏற்றினால் இருபது வளைவுகளிலும் தாய்க்குப் பாதுகாப்பு. போடாமல் ஏற்றினால் வளைவுகளுக்கு நடுவே இன்னொரு முறை வலிப்பு வரலாம். 2005க்குப் பிறகுதான் மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், அவசர நிலையில் துணைச் செவிலியர்களும் ஸ்டாஃப் நர்சுகளும் இதுபோன்ற மருந்துகளைத் தாங்களே கொடுக்கலாம் என்று வெளிப்படையாக அனுமதித்தன. அதுவரை ஊசியும் மருந்தும் போடத் தெரிந்த கையும் இருந்தாலும், போடலாமா என்று தயங்க வேண்டிய நிலை.

ஏன் இந்த நிலை வந்தது என்று பார்த்தால் 1970களுக்குப் போக வேண்டும். துணைச் செவிலியர் படிப்பு அதற்கு முன் இரண்டு ஆண்டு. அதன் மையம் பிரசவம் பார்ப்பது. 1973ல் மத்திய அரசு அமைத்த கர்தார் சிங் குழு, ஒரே பணியாளர் எல்லா சுகாதார வேலைகளையும் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. துணைச் செவிலியர் பல்நோக்குப் பணியாளர் ஆனார். 1977ல் படிப்பு 18 மாதமாகக் குறைந்தது. தடுப்பூசி, மலேரியா, குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு, பதிவேடுகள் என்று வேலை கூடிக்கொண்டே போக, பிரசவம் பார்க்கும் பயிற்சி கரைந்தது. ஊரில் பரம்பரையாகப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளைச் சாதியைச் சொல்லி ஏற்கெனவே தள்ளி வைத்திருந்தோம். அவர்கள் இடத்துக்கு வந்திருக்க வேண்டியவரின் கையையும் இப்படிக் கட்டிப்போட்டோம். குழுவின் நோக்கம் கெட்டதல்ல, ஆனால் விலையைக் கொடுத்தவர்கள் கிராமத்துத் தாய்மார்கள்.

பதிவேடு என்றதும் சேலத்துக்காரர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது நம் மாவட்டத்தில்தான். பெண் சிசுக்கொலை இங்கே நடக்கிறது என்று எல்லாரும் பேசினார்கள், எவ்வளவு என்று சொல்ல யாரிடமும் எண் இல்லை. அந்த எண் கிராம செவிலியர்கள் எழுதிய ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் கிடந்தது. குழந்தை இறப்புக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் "சமூகக் காரணங்கள்" என்று எழுதியிருந்தார்கள். கொலை என்று எழுதினால் அந்த ஊருக்குள் மறுபடி கால் வைக்க முடியாது. காய்ச்சல் என்று பொய் எழுத மனம் வரவில்லை. அந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் ஐஏஎஸ் அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997ல் சேலம், தர்மபுரி, மதுரை வட்டாரங்களில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்று எழுதினார்கள். தனியாக ஓர் ஊரில் வேலை பார்க்கும் பெண், தன்னைக் காப்பாற்றிக்கொண்டு உண்மையையும் காப்பாற்றி வைக்கக் கண்ட வழி அது. தமிழ்நாட்டில் செவிலியர்கள் செய்த பெரிய காரியங்களில் ஒன்றாக இதை நான் வைப்பேன்.

தமிழ்நாட்டின் எண்கள் அதன் பிறகு வேகமாக மாறின. 2001–03ல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20ல் அது 54. அதே காலத்தில் இந்தியா முழுமைக்கும் 301லிருந்து 97. தாய் இறப்பு ஒவ்வொன்றையும் விசாரிக்கும் முறை, முத்துலட்சுமி ரெட்டி பேறுகால உதவி, 2008ல் வந்த 108 என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் சரிதான். எனக்கு முக்கியமாகப் படுவது அதிகம் பேசப்படாத ஒன்று: ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்சுகள் வீதம் போட்டு, 24 மணி நேரமும் ஒருவர் இருக்கும்படி செய்தது. பிரசவ வலி பெரும்பாலும் இரவில்தான் வரும். மருத்துவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடும் நிலையத்தில் விளக்கெரிய விழித்திருக்க ஒரு நர்ஸ் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்தால்தான் வீட்டுப் பிரசவம் குறையும். தேசிய குடும்ப நல ஆய்வின்படி 2019–21ல் தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. சிசேரியன் 44.9 சதவீதம். மலையில் வேண்டிய நேரத்துக்குக் கிடைக்காத அறுவை, சமவெளியில் வேண்டாத நேரத்திலும் நடக்கிறது என்பதை இதைத் தவிர எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சிக்கலில்லாத பிரசவத்தை ஒரே பேறுகாலச் செவிலியர் தொடக்கம் முதல் கடைசி வரை பார்த்துக்கொள்ளும் முறையைப் பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தாய்க்கும் சேய்க்கும் கேடு கூடவில்லை, தேவையற்ற தையலும் ஆயுதப் பிரசவமும் குறைந்தன. இந்தியா 2018 டிசம்பரில் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டு, பேறுகாலச் செவிலியர்களுக்கென 18 மாதச் சிறப்புப் பயிற்சியை வகுத்தது. 1977ல் விட்ட இடத்துக்குத் திரும்பி வர 40 ஆண்டு ஆகியிருக்கிறது. பயிற்சி முடித்து வருகிறவர் கையில் உண்மையான பொறுப்பு இருக்குமா, பழையபடி ஏவல் வேலைக்கு நிறுத்துவார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரசவ அறைக்குள் தாய்க்குத் துணையாக ஒரு பெண்ணை அனுமதிக்கும் முறையைத் தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் 2004லேயே கொண்டுவந்தார்கள். இந்த மலையின் பழங்குடியினரான மலையாளிப் பெண்களுக்கு இது மிகவும் தேவை. தெரியாத ஊர், தெரியாத முகங்கள், அதட்டும் குரல்கள் என்றால், அடுத்த பிரசவத்துக்குக் கீழே வரவே மாட்டார்கள். அம்மாவோ அத்தையோ பக்கத்தில் இருந்தால் பாதி வலி குறைந்த மாதிரி என்று பெரியம்மா சொல்வார். ஆய்வுகளும் தொடர்ந்த துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, பிரசவ நேரம் குறைகிறது என்றே காட்டுகின்றன.

மலைக்கென்றே உள்ள இன்னொரு ஏற்பாடு பிரசவக் காத்திருப்பு அறை. நாள் நெருங்கிய கர்ப்பிணியைச் சில நாள் முன்பே கொண்டுவந்து தங்க வைப்பது. நல்ல யோசனை, ஆனால் அறையைக் கட்டிவிட்டால் ஆள் வந்துவிடாது. காபி பழுக்கும் கார்த்திகை, மார்கழியில் பறிப்புக் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, ஆட்டை யார் ஓட்டுவது? இவை எல்லாவற்றுக்கும் பதில் தேடிக்கொண்டுதான் நர்ஸ் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்பார் பெரியம்மா. மாமியாரிடம் தனியாகப் பேசுவார். ஒரு முறை போய் நடக்காவிட்டால் மூன்று முறை போவார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "தேதி கிட்ட இருக்கறவங்கள முன்னாடியே கீழ கொண்டு வந்துட்டாங்களா?" என்பது. புயல் எச்சரிக்கை வந்தால் நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனைக்குக் கொண்டுவருவது தமிழ்நாட்டில் வழக்கம். யார் யார் என்ற பட்டியல் கிராம செவிலியர் பதிவில் இருந்து வரும்.

அன்று அவர் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அரசு கொடுத்த பதிவேடு ஒப்படைத்தாயிற்று, இது அவர் சொந்தமாக வைத்திருந்தது. பெயர், எத்தனையாவது கர்ப்பம், ரத்தச் சோகை, பிரசவ தேதி. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஓர் எண் இருந்தது. 10, 25, 40, ஓர் இடத்தில் 70. என்ன என்று கேட்டேன். "அந்த வீட்ல இருந்து தார் ரோட்டுக்கு நடக்கற நிமிஷம். வயித்தோட நடந்தா." எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை என்றார். பட்டியலைத் தேதி வரிசையில் தரச் சொல்லித்தான் மேலிருந்து கேட்பார்களாம். இவர் இந்த எண்ணைப் பார்த்து, 40க்கு மேல் இருப்பவர்களை இரண்டு வாரம் முன்பே கிளப்பிவிடுவாராம்.